சோலைக்கிளியும் மலை விவசாயியின் ஊற்று நீரும்

உருளைக்கிழங்கில் வரும் பின்பருவக் கருகல் நோய், முட்டைக்கோசைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி, தேயிலையில் தோன்றும் கொப்புள நோய் ஆகியவற்றைப் பற்றி எழுதும் இப்பகுதியில், இந்த வாரம் ஒரு பறவையைப் பற்றி எழுதுவது வாசகர்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதுவும் வயலுக்கு வந்து பூச்சியைத் தின்னும் பறவையல்ல; விளைச்சலைக் கொத்தி நாசம் செய்யும் பறவையுமல்ல. மலைக்காட்டின் இருட்டுக்குள் ஒதுங்கி வாழும் ஒரு சிறு பறவை. ஆயினும் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் காய்கறி, தேயிலை, பழமரங்கள் பயிரிடும் விவசாயிகள் இதனை அறிந்திருப்பது அவசியம். இப்பறவை வாழ்வதற்கு எவை தேவையோ, அவையே மலை விவசாயியின் ஊற்று வற்றாமல் இருப்பதற்கும் பெரிதும் துணை செய்கின்றன. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பறவையின் அடையாளம்

இதன் பெயர் சோலைக்கிளி. கிளி என்றவுடன் பச்சைக்கிளியை நினைத்துவிடக் கூடாது. மலையாளத்தில் சிறு பறவை எதனையும் கிளி என்பார்கள். அப்பொருளில், சோலையில் வாழும் சிறு பறவை என்பதே இப்பெயரின் கருத்து.

சிட்டுக்குருவியின் அளவே உடைய பறவை இது. நீளம் சுமார் 15 செ.மீ. இருக்கும். கால்கள் உடலுக்குச் சற்று நீளமானவை, வால் குட்டையானது. தலை, முதுகு, மார்பு ஆகியவை பலகைக்கல்லைப் போன்ற கருநீல நிறம் கொண்டவை. கண்ணுக்கு மேலே புருவம்போல் வெளிர் நிறப் பட்டை ஒன்று உண்டு.

இதில் இரண்டு முக்கிய வகைகள் உள்ளன. முதலாவது நீலகிரி சோலைக்கிளி. இதன் விலாப்பகுதி செம்பழுப்பு நிறமாக இருக்கும். நீலகிரியிலும், அதற்கு வடக்கே கர்நாடகத்தின் குடகு, பாபாபூதன் மலைப்பகுதிகளிலும் இது வாழ்கிறது. இரண்டாவது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. இதற்குச் செம்பழுப்பு நிறம் கிடையாது. வயிறு வெண்மையாக இருக்கும். ஆனைமலை, பழனிமலை, ஏலமலை ஆகிய தென்புற மலைகளில் இது காணப்படும். இவ்விரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

தோட்டத்து வேலிக் கம்பத்தில் வெயிலில் அமர்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் பறவையைச் சோலைக்கிளி என்று கருத வேண்டாம். அது திறந்த வெளியை விரும்பும் புதர்ச்சிட்டு. மரக்கிளையில் உயரே அமர்ந்து பறக்கும் பூச்சிகளைப் பிடித்துவரும் நீலநிறப் பறவையும் இதுவல்ல; அது நீலகிரி ஈப்பிடிப்பான். சோலைக்கிளியைப் பார்க்க வேண்டுமானால் தரையைத்தான் பார்க்க வேண்டும்.

வாழும் இடமும் பழக்கமும்

ஏறத்தாழ 1200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், ஈரமும் குளிர்ச்சியும் நிறைந்த சோலைகளே இதன் இருப்பிடம். மரங்களுக்கு அடியில் குறிஞ்சி இனச் செடிகளும் பெரணிகளும் புதர்களும் அடர்ந்திருக்க வேண்டும். அவற்றுக்கு அடியில் உதிர்ந்த இலைகள் மக்கிக் கிடக்க வேண்டும். அந்த இலைப்படுகையில் தத்தித் தத்திச் சென்று, மறைந்துள்ள பூச்சிகளையும் புழுக்களையும் தின்று வாழும் பறவை இது. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் சில சமயம் சோலையின் ஓரத்துக்கு வந்து இரை தேடும். வெளிச்சம் ஏறியதும் உள்ளே சென்றுவிடும்.

இனப்பெருக்கம் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை நடைபெறும். மரப்பொந்திலோ, ஓடைக்கரை அல்லது பாதையோர மண்கரையில் உள்ள குழியிலோ பாசியையும் நாரான வேர்களையும் கொண்டு கூடு கட்டும். வழக்கமாக இரண்டே முட்டைகள் இடும். கோழியைப் போல் ஒரே ஈட்டில் பத்துக் குஞ்சு பொரிக்கும் பறவையன்று. ஆகவே இதன் கூடு ஒன்று அழிந்தால் அந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

ஆராய்ச்சியாளர்கள் இப்பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விட்டிருக்கிறார்கள். அவ்வாறு விடப்பட்டவை பல ஆண்டுகளுக்குப் பின்னும் அதே இடத்தில் காணப்பட்டன. தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடும் குணம் இதற்கு உண்டு. அந்த இடம் கெட்டுப்போனால் புறா, காகம்போல் வேறு ஊர் பார்த்துப் பறந்துவிடுவதில்லை.

மலையின் மேல் ஒரு தீவு

பூகோளப் படத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை நீண்ட ஒரே சுவர்போலத் தோன்றும். சோலைக்கிளிக்கு அது ஒரே சுவர் அல்ல. தனித்தனித் தீவுகளின் வரிசை. குளிர்ந்த மலையுச்சிகள் தீவுகள். இடையே உள்ள சூடான பள்ளத்தாக்குகளே கடல். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 முதல் 40 கி.மீ. அகலம் கொண்டது. நீலகிரி சோலைக்கிளி இக்கணவாய்க்கு வடக்கிலேயே நின்றுவிட்டது. வெண்வயிற்றுச் சோலைக்கிளி தெற்கிலேயே நின்றுவிட்டது. இரண்டும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை. பல லட்சம் ஆண்டுகளாக ஒன்றோடொன்று கலவாமல் இருந்ததால் நிறமும் மாறிவிட்டது. இன்னும் தெற்கே, செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் அகத்தியமலைப் பகுதியில் வாழும் பறவைகளும் மரபணுவில் வேறுபட்டே இருக்கின்றன.

நீலகிரி சோலைக்கிளியை 1844-ஆம் ஆண்டிலேயே ஜெர்டன் என்ற ஆங்கில மருத்துவர் விஞ்ஞான உலகுக்கு அறிமுகம் செய்தார். பழனிமலைப் பறவையை 1868-ஆம் ஆண்டில் பிளான்போர்டு என்பவர் விவரித்தார். பிறகு நூறாண்டுகளுக்கு மேலாக இவற்றை எந்தப் பறவைக் கூட்டத்தில் சேர்ப்பது என்பதில் குழப்பம் நீடித்தது. இமயமலை, தென்கிழக்கு ஆசியப் பறவைகளோடு சேர்த்தும் பிரித்தும் எழுதினார்கள். வி.வி. ராபின் முதலிய விஞ்ஞானிகள் மரபணு ஆராய்ச்சி செய்து, இவை நம் மலைகளுக்கே உரிய தனிப் பேரினம் என்று 2017-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். அப்பேரினத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘சோலிகோலா’. சோலை என்ற நமது சொல்லே உலக விஞ்ஞானப் பெயரில் இடம் பெற்றிருப்பது தமிழர்களுக்குப் பெருமை தருவதாகும்.

கணவாய்கள் இயற்கை வகுத்த எல்லைகள். நாம் வகுத்த எல்லைகளும் உண்டு என்பதுதான் கவலைக்குரியது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள மலைகளில் நடத்தப்பட்டு 2015, 2016-ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் ஓர் உண்மையைக் காட்டின. ஒரே மலையின் மீதே, அண்மைக் காலத்தில் காடு அழிந்து துண்டு துண்டான இடங்களில், சோலைக்கிளிகளிடையே மரபணுக் கலப்புக் குறைந்து வருகிறது. அவற்றின் பாட்டிலும் இடத்துக்கு இடம் வேறுபாடு காணப்படுகிறது. இந்தச் சோலையில் வாழும் பறவை அடுத்த சோலையில் வாழும் பறவையோடு சேர முடியாமல் போய்விட்டது என்பதே இதன் பொருள். பல லட்சம் ஆண்டுகளில் பெரிய கணவாய் செய்த வேலையை, தேயிலைத் தோட்டமும் காய்கறி நிலமும் அயல்நாட்டு மரத்தோப்பும் சில தலைமுறைக்குள் செய்யத் தொடங்கிவிட்டன.

கால்நடை வளர்ப்போர் இதன் தீமையை எளிதில் உணர்வார்கள். வெளியிலிருந்து கிடா சேர்க்காமல் ஒரே பட்டிக்குள்ளேயே ஆடுகளை இனவிருத்தி செய்துகொண்டு போனால் சில தலைமுறைகளில் குட்டிகள் நலிந்துவிடும். சிறு சோலையில் அடைபட்ட பறவைகளுக்கும் அதே கதிதான். நீலகிரி சோலைக்கிளியை அழியும் ஆபத்திலுள்ள இனம் என்றும், வெண்வயிற்றுச் சோலைக்கிளியை அதற்கு அடுத்த நிலையில் உள்ள இனம் என்றும் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வகைப்படுத்தியிருக்கிறது.

சோலையும் புல்வெளியும் குறைந்த வரலாறு

நம் உயர்ந்த மலைகளின் இயற்கை அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. மேட்டிலும் சரிவிலும் புல்வெளி. மடிப்பிலும் நீரோடும் பள்ளத்திலும் சோலை. புல்வெளியைக் கண்டவுடன், மனிதன் மரத்தை வெட்டியதால் வந்த தரிசு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. நீலகிரியின் சதுப்பு மண் அடுக்குகளை ஆராய்ந்ததில், மனிதன் இங்கே உழவு செய்யத் தொடங்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே புல்வெளி இருந்தது தெரியவந்துள்ளது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விழும் உறைபனி, திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. அதனால் புல் புல்லாகவே நிற்கிறது. சோலை பள்ளத்திலேயே நிற்கிறது.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் நீலகிரி மீது ஏறிய பிறகு இந்த நிலை மாறத் தொடங்கியது. 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் வந்தன. தொடக்கத்தில் விறகுக்காக இவை நடப்பட்டன. பிற்காலத்தில் தோல் பதனிடச் சீகைப் பட்டையும், செயற்கைப் பட்டு இழைக்கு மரக்கூழும் தேவைப்பட்டதால், புல்வெளிகளைப் ‘பயனற்ற நிலம்’ என்று கணக்கிட்டு ஏராளமான பரப்பில் இம்மரங்களை நட்டார்கள். பைன் மரமும் சேர்ந்துகொண்டது. மற்றொரு பக்கம் தேயிலை, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, கேரட் ஆகியவற்றுக்காகச் சோலைகளும் வெட்டப்பட்டன.

பழனிமலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வொன்று 2018-ல் வெளியாயிற்று. அந்த நாற்பதாண்டுகளில் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. மரத்தோப்பும் விவசாயமுமே காரணம் என்று அது கூறுகிறது. சோலைப் பரப்பும் குறைந்திருக்கிறது.

இதற்காக விவசாயிகளை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. அன்றைய அரசுத் திட்டங்களும் ஆலைகளின் தேவைகளும் இதில் பெரும்பங்கு வகித்தன. ஆனால் எஞ்சியுள்ள சோலைத் துண்டுகளில் பல இன்று கிராமங்களையும் தோட்டங்களையும் ஒட்டியே நிற்கின்றன. அவற்றின் எதிர்காலம் பக்கத்து நிலத்துக்காரர் கையில் இருக்கிறது.

தண்ணீர்க் கணக்கு

உதகமண்டலத்தில் உள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம், கிளென்மார்கன் என்ற இடத்தில் நீண்டகால ஆராய்ச்சி ஒன்றை நடத்தியது. ஒவ்வொன்றும் சுமார் 32 எக்டேர் உள்ள, ஒரே மாதிரியான, அருகருகே அமைந்த இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்தனர். ஒன்றை இயற்கைப் புல்வெளியாகவே விட்டுவிட்டனர். மற்றொன்றில் 59 சதவீதப் பரப்பில் 1972-ஆம் ஆண்டில் நீலக் கற்பூர மரத்தை நட்டனர். இரண்டிலிருந்தும் வெளிவரும் ஓடை நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தனர்.

முதல் பத்தாண்டுச் சுற்றில், கற்பூர மரம் நட்ட பகுதியில் ஓடைக்கு வரும் நீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, மறுதாம்பு வளர்ந்த இரண்டாவது சுற்றில் 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மரத்துக்கு ஏற்கெனவே ஆழமான வேர் இருப்பதால் அது இன்னும் அதிகமாக நீரை உறிஞ்சுகிறது. மேட்டில் நின்ற புல்லை நீக்கி வேகமாக வளரும் மரத்தை வைத்ததற்கு, பள்ளத்து ஓடை கொடுத்த விலை இது.

இந்த ஆராய்ச்சி புல்வெளியைப் பற்றியது, சோலையைப் பற்றியதன்று. ஆயினும் சோலையும் புல்லும் ஒரே ஓடையின் இரு பகுதிகள். புல்மேட்டில் இறங்கும் மழைநீர் பள்ளத்துச் சோலையில் வந்து கசிகிறது. அங்கே மக்கிய இலைப்படுகை மழைத்துளியின் வேகத்தைத் தாங்குகிறது. தண்ணீரை மண்ணுக்குள் இறங்க வைக்கிறது. நிழல் ஈரத்தைக் காக்கிறது. வேர்கள் ஓடைக்கரை சரியாமல் பிடித்துக்கொள்கின்றன. அடிச்செடிகளை அகற்றி, சருகைக் கூட்டி எடுத்த சோலையில் இந்த வேலைகள் சரிவர நடப்பதில்லை. மழை பெய்தவுடன் சேற்று நீர் ஒரேயடியாக ஓடிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் ஊற்று மெலிந்துவிடும்.

மலை விவசாயிக்கு இதன் அருமையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆழ்கிணறு தோண்டுவது அங்கே எளிதன்று. மழையில்லாத மாதங்களில் கேரட், பீட்ரூட், பூண்டு ஆகியவற்றுக்கு ஓடையும் சுனையும்தான் ஆதாரம். மலையடிவாரத்து விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு. கொடைக்கானல் மலையில் பிறக்கும் வராக நதிதான் சோத்துப்பாறை அணை வழியாகப் பெரியகுளம் பகுதிக்கு நீர் தருகிறது. நீலகிரியின் மேல்மட்டத்தில் பிறக்கும் ஓடைகள் பைக்காரா, குந்தா, மாயாறு எனப் பல ஆறுகளாகிப் பவானியில் சேர்ந்து ஈரோடு மாவட்ட வயல்களை அடைகின்றன.

‘இப்பறவையால் எனக்கென்ன பயன்?’

விவசாயிகள் இப்படிக் கேட்பது இயல்பு. நேரான பதில் கூற வேண்டுமானால், சோலைக்கிளியால் உங்கள் ஏக்கர் விளைச்சல் ஒரு மூட்டைகூடக் கூடாது. ஆந்தை எலியைப் பிடிப்பதுபோலவோ, தேனீ மகரந்தச் சேர்க்கை செய்வதுபோலவோ இது உங்கள் வயலில் வேலை செய்வதில்லை.

ஆனால் இது ஓர் அளவுகோல். நெல் வயலில் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துத் தழைச்சத்தின் நிலையை அறிகிறோம். அட்டை பயிருக்கு உரமிடுவதில்லை; நிலையை மட்டும் காட்டுகிறது. அதுபோலச் சோலைக்கிளி பாடும் சோலையில் நிழல் இருக்கிறது, அடிச்செடி இருக்கிறது, சருகு இருக்கிறது, ஈரம் இருக்கிறது என்று கொள்ளலாம். மரங்கள் நிமிர்ந்து நின்றும் பறவையின் குரல் மட்டும் நின்றுவிட்டால், உள்ளே ஏதோ கெட்டுவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். ஊற்று மெலிவது பல ஆண்டுகள் கழித்தே கண்ணுக்குத் தெரியும். சருகும் அடிச்செடியும் போனதைத் தரையில் வாழும் பறவை அதற்கு முன்பே உணர்ந்துவிடும்.

இதன் குரலைக் கேட்க ஏற்ற காலம் பிப்ரவரி முதல் ஜூன் வரை. விடியற்காலையில் சோலை ஓரத்தில் சிறிது நேரம் அசையாமல் நின்றால், தரைக்கு அருகிலிருந்து நீண்ட சீழ்க்கையும் இடையிடையே கரகரப்பான ஒலியும் கலந்த பாட்டுக் கேட்கும். பதிவு செய்த ஒலியை இசைத்து அதனை வரவழைக்க முயலக் கூடாது. தன் எல்லைக்குள் வேறு பறவை வந்துவிட்டதாக எண்ணி அது அலைக்கழியும்.

விவசாயிகள் கடைப்பிடிக்க வேண்டியவை

பெரிய காடுகளைக் காப்பது வனத்துறையின் பொறுப்பு. தனியார் தோட்டத்திலும் பட்டா நிலத்தின் ஓரத்திலும் உள்ள சிறு சோலைகளைப் பொறுத்தவரை கீழ்க்கண்டவற்றைச் செய்தால் போதுமானது.

1. ஓடையின் இரு கரைகளிலும் உழவு செய்யாத பகுதி ஒன்றை ஒதுக்குங்கள். குறைந்தது 30 அடி அகலம் இருந்தால் நல்லது. அங்கே இயற்கையாக வளரும் செடி, கொடி, பெரணிகளை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு சோலைத் துண்டுகளை இணைக்கும் நடைபாதையாக இது பறவைக்குப் பயன்படும். கரை அரிப்பும் குறையும். வயலின் மேல்மண் ஓடையில் சேர்வதையும் இது தடுக்கும்.

2. சோலைக்குள் ‘துப்புரவு’ செய்ய வேண்டாம். சுத்தமாக இருக்கட்டும் என்று அடிச்செடிகளை வெட்டுவதும் சருகைக் கூட்டுவதும் பறவையின் உணவையும் ஒளிவிடத்தையும் ஒருசேர அழிப்பதாகும்.

3. பூந்தொட்டிக்கும் நாற்றங்காலுக்கும் சோலையிலிருந்து இலைமக்கும் பாசியும் அள்ளி வரும் வழக்கத்தைக் கைவிடுங்கள். காய்கறிக் கழிவு, களைகள், சாணம் ஆகியவற்றை அடுக்கி மக்கவைத்தால் அதற்கு ஈடான உரம் தோட்டத்திலேயே கிடைக்கும். குளிர்ப்பகுதியில் மக்குவதற்கு அதிக நாளாகும் என்பதால் குவியலை மூடி, அவ்வப்போது கிளறிவிட வேண்டும்.

4. பொந்துள்ள பட்ட மரத்தை விறகுக்கு வெட்டாதீர்கள். சோலை ஓரத்து மண்கரைகளை ஏப்ரல் முதல் ஜூன் வரை செதுக்காதீர்கள். அவற்றில் கூடு இருக்கலாம்.

5. கோடைக்கு முன் களைகளைக் கொளுத்தும்போது தீ சோலை ஓரத்துக்குப் பரவாமல் காக்க வேண்டும். கூடுமானவரை கொளுத்துவதையே தவிர்த்து, களையை மூடாக்காகவோ மக்கு உரமாகவோ பயன்படுத்துவது சிறந்தது.

6. பூச்சிமருந்தும் குருணை மருந்தும் பரிந்துரைத்த அளவுக்கு மேல் இடவேண்டாம். ஓடையை ஒட்டிய பாத்திகளில் காற்று வீசும்போது தெளிக்கக் கூடாது. தெளிப்பானை ஓடையில் கழுவக் கூடாது. இலைப்படுகையில் உள்ள பூச்சிகள் இறந்தால் அவற்றை நம்பியுள்ள பறவைக்கு உணவில்லை. அதே ஓடை நீரைத்தான் கீழே உள்ள கிராமம் குடிக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

7. சரிவு நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே பாத்தி அமையுங்கள். படித்தளம் அமைத்து, அதன் விளிம்பில் புல் வளர்த்து, வடிகால் வாய்க்காலைப் பாதுகாப்பான இடத்தில் முடியுங்கள். வடிகாலை நேராகச் சோலைக்குள் திருப்பிவிட்டால் இலைப்படுகை அடித்துச் செல்லப்படும்.

8. வீட்டு நாய், பூனைகளைக் கூடு கட்டும் காலத்தில் சோலைக்குள் திரிய விடாதீர்கள். தரையில் இரை தேடித் தாழ்வான பொந்தில் குஞ்சு பொரிக்கும் பறவைக்கு அவை எமனாகும்.

கன்று நடுவோர் கவனத்துக்கு

அழிந்த ஓடைக்கரையில் மீண்டும் சோலை மரங்களை வளர்க்க விரும்புவோர், காட்டுச் செண்பகம், நாவல் இனங்கள், ருத்திராட்ச இனங்கள் போன்ற அந்தந்தச் சோலைக்கே உரிய மரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கன்றுகளுக்கு வனத்துறையை அணுகுவது நல்லது. சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை. சீகை, கற்பூர மரங்களோடு வேகத்தில் ஒப்பிட்டு மனம் தளரக் கூடாது.

ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணும் மக்கு உரமும் கலந்து நிரப்பி நடலாம். நீலகிரியின் மேற்குப் பகுதியில் தென்மேற்குப் பருவமழையின் தொடக்கமும், கொடைக்கானல் பகுதியில் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கமும் ஏற்ற காலம். இருக்கும் சோலையின் ஓரத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாக வெளியே வரவேண்டும். முதல் குளிர்காலங்களில் உறைபனியிலிருந்து காக்கக் கன்றுகளின் மேல் தழை மறைப்பு அமைத்தல் வேண்டும். இயற்கைப் புல்வெளியில் மட்டும் எந்த மரத்தையும் நடக்கூடாது. அது சோலை மரமானாலும் சரியே. புல்லின் இடம் புல்லுக்கே உரியது.

சீகை மரங்களை என்ன செய்வது?

அயல்நாட்டு மரங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்பதற்குத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டில் தனிக் கொள்கையை வெளியிட்டது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் எல்லா இடத்திலும் ஒரே நாளில் மொட்டையடிப்பது நன்மை தராது.

புல்வெளிக்குள் புதிதாகப் பரவிவரும் சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்குவதே முதல் வேலை. சிறிய கன்றைப் பிடுங்குவது எளிது. மரமான பின் செலவு பன்மடங்காகும். வளர்ந்த சீகைத் தோப்பை வெட்டினால் பிரச்சினை முடிந்துவிடுவதில்லை. அதன் விதை பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டவுடன், குறிப்பாகத் தீப்பட்ட பிறகு, ஆயிரக்கணக்கில் முளைக்கும். ஆகவே வெட்டிய பிறகு தொடர்ந்து சில ஆண்டுகள் களையெடுக்க ஆளும் பணமும் இருந்தால்தான் இறங்க வேண்டும்.

சோலையை ஒட்டிய பழைய சீகை, பைன் தோப்புகளின் நிழலில் பல இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. பழனிமலையில் இதனைப் பரவலாகக் காணலாம். அத்தகைய இடத்தில் தாய் மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டினால், கீழே வரும் சோலைக் கன்றுகளும் வெயிலிலும் பனியிலும் அழியும். ஆங்காங்கே சில மரங்களை மட்டும் நீக்கி, வெளிச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிவருவதே முறை.

பட்டா நிலத்தில் உள்ள மரமானாலும், 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள பகுதிகளில் வெட்டுவதற்கு மாவட்டக் குழுவின் முன் அனுமதி தேவைப்படும். எந்த மரமாயினும் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்ட பின்பே கோடரியை எடுக்க வேண்டும்.

முடிவுரை

நம் கிராமங்களில் ஏரியின் நீர்ப்பிடிப்பைக் காப்பது ஊர்ப் பொதுவேலையாக இருந்தது. மலையில் ஏரிக்குப் பதிலாகச் சோலையும் புல்மேடும் இருக்கின்றன. ஒருவர் மட்டும் தம் ஓடைக்கரையில் முப்பதடி விட்டு, மேலேயுள்ளவரும் கீழேயுள்ளவரும் கரைவரை உழுதால் பறவைக்கு வழி கிடைக்காது. ஊற்றுக்கும் முழுப்பயன் வராது. ஆகவே ஓர் ஓடையைச் சார்ந்த விவசாயிகள் அனைவரும் கூடிப் பேசி, எங்கே எவ்வளவு விடுவது என்பதை முடிவு செய்தல் நலம். ஓடைக்கரையில் சில பாத்திகளை விட்டுக்கொடுப்பது சிறு விவசாயிக்கு இழப்புத்தான். கரை சரிந்து அதே பாத்திகள் ஓடையோடு போவதும், மார்ச் மாதத்தில் நீரின்றி மீதிப் பாத்திகள் காய்வதும் அதைவிடப் பெரிய இழப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வருகிற பிப்ரவரியில் உங்கள் நிலத்துக்கு அருகே உள்ள சோலையின் ஓரத்தில் விடியற்காலையில் ஒருமுறை நின்று கேளுங்கள். அதே வாரத்தில் ஊற்றின் நீரையும் ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். ஆண்டுதோறும் இவ்விரண்டையும் குறித்து வந்தால், சோலையின் நிலையை வேறு யாரும் வந்து சொல்ல வேண்டிய அவசியம் இராது.